பந்தல் ஸ்பீக்கரில் கலந்த பாட்டு

"மைக் செட்டுக்காரிக்க மகளுக்குக் காது உண்டுன்னு ஒனக்கிட்ட யாருட்டி சொன்னா?"

நாகர்கோவிலில் நான் நான்கு வருடம் வேலை பார்த்த ஸ்டூடியோவின் முதலாளி என்னிடம் இப்படிக் கேட்டபோது, அந்த அறையில் ஒரு சபையின் பாடகர் குழு முழுவதும் உட்கார்ந்திருந்தது. பதினாறு பேர். அதில் நாலைந்து பேர் சிரித்தார்கள். என்னை நோகடிக்க வேண்டும் என்று சிரிக்கவில்லை. பெரியவர் ஏதோ தமாஷ் சொல்லிவிட்டார், சிரிக்காவிட்டால் மரியாதையாக இருக்காது என்று சிரித்தார்கள். ஆனாலும் சிரித்த முகங்கள் எவை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

நான் கேட்டது பெரிய விஷயமில்லை. அந்தக் குழு அதற்கு முந்தைய வருடம் பதிவு செய்த பாட்டை நான்தான் மிக்ஸ் செய்தேன். பாடுகிறவர்களின் குரல்கள், கீபோர்டு, கிட்டார், டிரம்ஸ் எல்லாம் தனித்தனியாகப் பதிவாகி வரும். எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் தள்ளுவது, எதில் எவ்வளவு கனத்தைக் குறைப்பது என்று பார்த்துப் பார்த்து அவற்றை ஒரே பாட்டாக ஆக்குவதுதான் மிக்ஸிங். மூன்று வாரம் அதற்காக உட்கார்ந்தேன். வீடியோ வெளிவந்தபோது 'ஒலிக்கலவை' என்ற வார்த்தைக்கு நேரே முதலாளியின் பெயர் இருந்தது. அதற்கு முந்தைய பாட்டுகளிலும் அப்படித்தான். இந்த முறை எட்டுப் பாட்டு கொண்ட தொகுப்பு. "அண்ணே, இந்தத் தடவை எனக்க பேரையும் போடணும்" என்று குழுவினர் முன்னால் கேட்டுவிட்டேன். தனியாகக் கேட்டால் வழக்கம்போல "பாக்கலாம் தங்கச்சி" என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விடுவார் என்பதால்தான் எல்லோர் முன்னாலும் கேட்டேன். அந்த நொடியில் 'தங்கச்சி' போய் 'ஏட்டி' என்ற அதட்டல் வந்தது.

"பந்தலுக்குச் சத்தம் வைக்கத் தெரியும் ஒனக்கு. அதைப் போய்ச் செய்யி" என்றும் சொன்னார்.

நான் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். பையை எடுத்தேன். பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் வீடு நெய்யூர் பக்கம். அம்மா மைக் செட் நடத்துகிறாள். அப்பா வளைகுடாவில் இருந்த காலத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கரோடு அவள் தொடங்கியது. இன்று பதினைந்து அங்குல ஸ்பீக்கரும் மேல்சுரங்களுக்கான ஹார்னும் சேர்ந்த பெரிய பெட்டிகள் எட்டு, தரையில் வைத்து அடிச்சுரங்களுக்குக் கனம் கொடுக்கிற பேஸ் பெட்டிகள் நான்கு, ஜெனரேட்டர் எல்லாம் இருக்கின்றன. கல்யாணம், சபைக் கூட்டம், சுசீந்திரம் பக்கத்துக் கோயில் கொடை, கட்சிக் கூட்டம் என்று எங்கும் போகும். மைக் செட்டுக்காரி என்று அம்மாவை எல்லோரும்தான் கூப்பிடுவார்கள். அவளே தன்னை அப்படித்தான் சொல்வாள். அதை வசையாக நான் கேட்டது அந்த ஸ்டூடியோவில்தான் முதல் முறை.

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். சேலை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு வயரைச் சுற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன் கெடக்கான், சவம். இனி என்ன செய்யப் போற?"

"வீட்லயே மிக்ஸ் பண்ணப் போறேன்."

"அதுக்குச் சின்னப் பெட்டி ரெண்டு வேணும்னு சொல்லுவியே?"

"இருக்க பெட்டி போதும்."

சொல்லும்போது வீம்புக்குத்தான் சொன்னேன். ஸ்டூடியோவில் மிக்ஸ் செய்ய மானிட்டர் என்று சின்ன ஸ்பீக்கர்கள் இருக்கும். ஐந்தங்குலம், ஆறங்குலம். மேசையிலேயே வைத்துக் காதுக்குப் பக்கத்தில் கேட்பது. பந்தல் பெட்டிகள் ஆயிரம் பேருக்குக் கேட்பதற்காகச் செய்தவை. அவற்றை வைத்து மிக்ஸ் செய்கிறேன் என்றால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். பந்தலுக்குச் சத்தம் வைக்கிறவள் என்று சொன்னானே, அந்தப் பந்தல் பெட்டியிலேயே செய்து காட்டுகிறேன் என்ற எண்ணம் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் எங்கள் குடோன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஹாலோபிளாக் சுவர். ஒரு பக்கத்தைக் காலி செய்து இரண்டு பேஸ் பெட்டிகளை வைத்து, அவற்றின் மேல் இரண்டு பெரிய பெட்டிகளை ஏற்றினேன். எதிரே மேசையும் கம்ப்யூட்டரும். முதல் நாள் ஆம்ப்ளிஃபையரைப் போட்டதுமே ஹார்னிலிருந்து பாம்பு சீறுவது மாதிரி ஓர் ஒலி வந்தது. மைதானத்தில் அது யாருக்கும் கேட்காது. நான்கடி தூரத்தில் உட்கார்ந்தவளுக்குக் காதைத் துளைத்தது. பேஸ் கிட்டாரில் ஒரு குறிப்பிட்ட சுரம் வரும்போதெல்லாம் கூரை முழுவதும் அதிர்ந்து பல்லைக் கடித்தது. அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிட்டது.

ஆனாலும் அந்த அமைப்பிலேயே, ஒரு வாலிபர் குழுவின் பாட்டு ஒன்றை வாங்கி மிக்ஸ் செய்தேன். குடோனில் கேட்க இடி மாதிரி இருந்தது. எனக்கே புல்லரித்தது. அவர்களுக்கு அனுப்பினேன். அன்று சாயங்காலமே அதை என் போனில் போட்டுக் கேட்டேன். பேஸ் இல்லவே இல்லை. குரல் மங்கிப்போய் எங்கோ கிடந்தது. காரணம் பிறகுதான் மனதில் பட்டது. ஹார்ன் குரலைத் தூக்கித் தூக்கிக் காட்டியதால் நான் குரலின் கூர்மையை வெட்டியிருந்தேன். அறை பேஸைப் பெருக்கிக் காட்டியதால் பேஸைக் குறைத்திருந்தேன். பெட்டிகளும் அறையும் சொன்ன பொய்யை நம்பி, பாட்டைக் கெடுத்துவிட்டேன்.

அந்தப் பாட்டு எப்படியோ முதலாளி கைக்குப் போனது. மாவட்டத்தில் இசைத் தொழில் செய்கிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் அவருடைய குரல் பதிவு வந்தது.

"மக்கா, எல்லாரும் இதைக் கேளுங்க. பந்தல் ஸ்பீக்கர்ல மிக்ஸ் பண்ணின பாட்டு. பாடுதவன் குடத்துக்குள்ள இருந்து பாடுதான். யாராவது அவனை வெளிய எடுங்கப்பா."

அதற்குக் கீழே சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. நான் அந்தக் குரல் பதிவை ஏழெட்டு முறை கேட்டேன். அவர் சொன்னதில் தவறு இல்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பாட்டு மோசமாகத்தான் இருந்தது. அவர் பொய் சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போய் ஆறியிருப்பேன். உண்மையைச் சொல்லிச் சிரித்தவனை அதே உண்மையால் அடித்தால்தான் அடங்கும் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் யாருடைய பாட்டையும் வாங்கவில்லை. பெட்டிகளை மட்டும் படித்தேன்.

மேசையைப் பின்னால் தள்ளிப் பன்னிரண்டு அடி தூரத்தில் போட்டேன். அந்தத் தூரத்தில்தான் ஹார்னும் ஸ்பீக்கரும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வாயிலிருந்து வருவது மாதிரிக் கேட்டன. ஹார்ன் என் காது மட்டத்துக்கு வரும்வரை பெட்டிகளைச் சாய்த்தேன். ராஜாக்கமங்கலம் பக்கம் கயிறு திரிக்கும் ஓர் இடத்திலிருந்து தேங்காய்த் தும்பு மூட்டைகளை வேனில் ஏற்றிவந்து நான்கு மூலைகளிலும் கூரை வரை அடுக்கினேன். அதன்பின் கூரை பல்லைக் கடிப்பது நின்றது. பழைய பந்தல் துணியை இரண்டு மடிப்பாகச் சுவரில் தொங்கவிட்டேன். ஹார்னின் கூச்சலை ஈக்வலைசரில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். அளந்து பார்ப்பதற்காக எல்லா ஒலிகளும் ஒரே அளவில் கலந்த ஓர் இரைச்சலைப் பெட்டியில் ஓடவிட்டபோது அம்மா கொல்லையிலிருந்து ஓடிவந்தாள்.

"மழைன்னு நெனச்சு காயப்போட்ட துணி அம்புடும் எடுத்தாச்சு, மூதி!"

எல்லாம் பகலில்தான். ராத்திரி அந்தப் பெட்டிகளைத் தொட்டால் ஊர் சும்மா விடாது. பகலிலும் ஊர் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நன்றாக மிக்ஸ் ஆன பாட்டுகளாகத் தேர்ந்தெடுத்து ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் போடுவேன். ஒரு நல்ல பாட்டு இந்தப் பெட்டியில், இந்தத் தூரத்தில் எப்படிக் கேட்கும் என்று காதுக்குப் பழக்க வேண்டும். அடுத்த வீட்டு அக்கா துணி துவைக்கும்போது அந்த ஒரு வரியை மட்டும் பாடுவதாக அம்மா சொன்னாள்.

ஒவ்வொரு நாளும் கதவைத் திறக்கும்போது அந்தக் குரல் பதிவு காதில் ஓடும். அதுதான் எனக்குக் காப்பி. கோபம் இல்லாமல் இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே விட்டிருப்பேன்.

பாட்டுகள் மெதுவாக வந்தன. ஒரு கல்யாணப் பாட்டு, ஒரு தர்காவில் பாடும் குழுவின் பாட்டு, பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒன்று. அவை போனிலும் காரிலும் ஒழுங்காகக் கேட்டன. பந்தலிலோ சொல்லவே வேண்டாம், பந்தலிலேயே வளர்ந்த பாட்டுகள் அல்லவா. குரல் ஒவ்வொரு எழுத்தாக வந்து விழும்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பழைய பாடகர் குழுவின் எட்டுப் பாட்டுத் தொகுப்பு முடிந்தது. நான் வெளியேறிய பிறகு முதலாளியே உட்கார்ந்து மிக்ஸ் செய்திருந்தார். சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை அன்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மைதானத்தில் வெளியீடு. அதற்கு மைக் செட் எங்களுடையது. வருடா வருடம் அந்தச் சபைக்கு அம்மாதான் போவாள். ஒரு வாரத்துக்கு முன்னால் குழுவின் செயலாளர் முதல் பாட்டை அம்மாவுக்கு அனுப்பி, அன்று இதைத்தான் போடப்போகிறோம் என்று சொல்லியிருந்தார்.

நான் அதைக் குடோனில் போட்டேன்.

பேஸ் கிட்டாரும் கீபோர்டின் அடிச்சுரங்களும் டிரம்ஸின் கனமும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து, வெள்ளக்காடாக இருந்தது. அவருடைய சின்ன ஸ்பீக்கர்களில் அந்த ஆழம் கேட்காது. கேட்காததால் இன்னும் இன்னும் என்று ஏற்றியிருக்கிறார். இரண்டாவது சரணம் ஒரு பெண் தனியாகப் பாடுவது. கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் அக்கா. தடித்த, அடங்கிய குரல். அந்தக் குழுவில் அப்படி ஒரு குரல் வேறு கிடையாது. அன்று ஸ்டூடியோவில் சிரிக்காதவர்களில் அவரும் ஒருவர். அந்தச் சரணத்தில் அவர் வாயசைப்பது மட்டும்தான் மிச்சம் என்கிற மாதிரிக் குரல் புதைந்து கிடந்தது.

போனில் கேட்டால் ஓரளவு தெரியும். மைதானத்தில், பேஸ் பெட்டிகளோடு, ஒரு சொல் கேட்காது.

அம்மாவும் வாசலில் நின்று கேட்டாள்.

"இது மைதானத்துல கொள்ளாதே. அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"சொல்லமாட்டேன்."

"பின்ன நீயாவது அன்னைக்கு மிக்ஸர்ல வச்சுக் கொஞ்சம் சரியாக்கு."

நான் பாட்டை நிறுத்தினேன். ஏழு நாள் இருந்தது. போனை எடுத்து ஒரு வரி எழுதினால் போதும். ஏழு நாளும் எழுதாமல் இருந்தேன். அந்த வாரம் எனக்கு நன்றாகப் பசித்தது, நன்றாகத் தூக்கம் வந்தது.

பண்டிகை அன்று மூன்று மணிக்கெல்லாம் மைதானம் நிறைந்துவிட்டது. அசனச் சாப்பாடு முடிந்து, குடும்பம் குடும்பமாகப் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பந்தலின் பின்பக்கம் மிக்ஸருக்கு முன்னால் நின்றேன். அம்மா ஜெனரேட்டர் பக்கம். முதலாளி வெள்ளை வேட்டி சட்டையில் வந்து, என் முகத்தைப் பார்க்காமல் பென் டிரைவை மேசையில் வைத்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். போதகர் ஜெபித்தார். முதலாளிக்குச் சால்வை போட்டார்கள். பாட்டு என்றார்கள்.

மைக் செட் போடுகிறவர் யாராக இருந்தாலும், பாட்டு கனமாக வந்தால் கை தானாகக் குமிழுக்குப் போகும். பேஸைக் கொஞ்சம் இறக்கி, குரலைக் கொஞ்சம் ஏற்றி, முடிந்தவரை கேட்கும்படி ஆக்கிவிடுவோம். யாருக்கும் தெரியாது, யாரும் நன்றி சொல்லமாட்டார்கள், ஆனால் அதுதான் எங்கள் வேலை. அன்று நான் எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்தேன். ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. அவர் செய்தது அப்படியே வெளியே போகட்டும் என்று இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பாட்டு தொடங்கியதும் பந்தலின் தகரம் அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் காதைப் பொத்தினார்கள். ஒரு கைக்குழந்தை வீறிட்டது. என்ன பாடுகிறார்கள் என்று ஒருவருக்கும் புரியவில்லை. லாரி ஒன்று மைதானத்துக்கு நடுவில் நின்று உறுமுவது மாதிரி இருந்தது. முதலாளி எழுந்து என்னை நோக்கி வந்தார். வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடித்தான் வந்தார்.

"ஏட்டி, பேஸைக் கொற! பேஸைக் கொறன்னு சொல்லுதேன்!"

"ஒங்க மிக்ஸ் அண்ணே. நான் எப்படிக் கை வைக்க? எனக்குத்தான் காது கெடையாதே."

இந்த வாக்கியத்தை நான் ஒரு வாரமாக வைத்திருந்தேன். நினைத்ததைவிட நிதானமாக வந்தது.

அவர் என்னைத் தள்ளிவிட்டு மிக்ஸரில் கை வைத்தார். எங்கள் மிக்ஸர் அவருக்குப் பழக்கமில்லை. எதையோ ஏற்ற, மேடையில் திறந்திருந்த மைக் ஊளையிட்டது. மைதானமே தலையைத் தாழ்த்தியது. போதகர் கையை ஆட்டி நிறுத்தச் சொன்னார். நான் நிறுத்தினேன். அப்போது இரண்டாவது சரணம் ஓடிக்கொண்டிருந்தது. மேடைக்குப் பக்கத்தில் குழுவோடு நின்றிருந்த கீரிப்பாறை அக்காவைப் பார்த்தேன். அவர் வீட்டிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள் அவர் குரலைக் கேட்க. அவர் யாரையும் பார்க்காமல் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு பந்தலின் பக்கவாட்டில் இறங்கி நடந்தார்.

"பாட்டு கொள்ளாம், மைக் செட்டுதான் மோசம்" என்று முதலாளி உரக்கச் சொன்னார். "தகரப் பெட்டி. இதுல எதைப் போட்டாலும் இப்படித்தான் கேக்கும்."

இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்கவில்லை. அம்மா ஜெனரேட்டர் பக்கமிருந்து வந்துவிட்டாள். அவள் முதலில் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். மிக்ஸரைப் பார்த்தாள். குமிழ்கள் இருந்த நிலையைப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"எனக்க செட்டை வச்சா நீ வெளையாடின?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

பிறகு போதகரிடம் போய், "ஐயா, செட்டு மோசமா இல்லியான்னு இப்பத் தெரிஞ்சிரும். பிள்ளைகளை நேராப் பாடச் சொல்லுங்க" என்றாள்.

குழு மேடை ஏறியது. பதினைந்து பேர். நான் ஒவ்வொரு மைக்காகத் திறந்தேன். வேலை தெரிந்த கைகள். அதே பாட்டு அதே பெட்டிகளில் போனது, வார்த்தை வார்த்தையாக, கடைசி வரிசையில் வேலியோரம் நின்றவர் வரைக்கும். இரண்டாவது சரணம் வந்தபோது வேறொரு பெண் பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். முதலாளி தனக்குப் போட்ட சால்வையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாலு பேர் திரும்பி அவரைப் பார்த்தார்கள். போதகரும் பார்த்தார். பாட்டு முடியும் வரை எழுந்து போகவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் அவர் இருந்த இருப்பை நான் பின்னாலிருந்து முழுக்கப் பார்த்தேன். அவருடைய காதுமடல் சிவந்திருந்தது. அந்தக் காதை நான் நிறைய நேரம் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் தோசையைத் தட்டில் போட்டபடி, "அந்தப் பிள்ளை கீரிப்பாறைக்காரி. அவளைப் போய்ப் பாரு" என்றாள்.

பஸ் பிடித்துப் போனேன். தோட்டத்தில் பால் எடுத்து முடித்து, அளக்கிற கொட்டகையில் வாளியோடு வரிசையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். வரிசை முடிந்து, வாளியைக் குழாயடியில் கழுவிக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கு அந்தப் பாட்டை ஒனக்குச் சரியாக்க முடிஞ்சிருக்குமா?"

"முழுசா முடியாதுக்கா. பாதி முடியும். வார்த்தை கேட்டிருக்கும்."

"இப்படித்தான் கேக்கும்னு முன்னயே தெரியுமா?"

"ஒரு வாரமாத் தெரியும்."

வாளியைக் கவிழ்த்து வைத்தார். விரல்களில் காய்ந்திருந்த பாலை உரித்து உரித்துப் போட்டார்.

"அவன் என்னைப் பாட்டுக்குள்ள போட்டுப் பொதச்சான். நீ கையைக் கெட்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டு நின்ன. ஒங்க ரெண்டு பேருக்க சண்டைக்கு எனக்க தொண்டைதான் கெடச்சுதா?"

"மன்னிச்சிருங்கக்கா."

"அதை வச்சு நான் என்ன செய்ய? எனக்க பாட்டை எனக்குச் சரியாக்கித் தா. பதிவு பண்ணின குரலு எல்லாம் தனித்தனியா குழுவுக்க கையில இருக்கு. நான் வாங்கிட்டு வருதேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் சொன்னது மனதை அறுத்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். பஸ் மலையிறங்கி வயல்வெளிக்கு வந்தபோது, வேட்டியைப் பிடித்துக்கொண்டு முதலாளி ஓடிவந்தது நினைவுக்கு வந்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன்.

அடுத்த வாரம் ஹார்ட் டிஸ்க்கைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு அக்கா எங்கள் குடோனுக்கு வந்தார். பெரிய பெட்டிகளையும் தும்பு மூட்டைகளையும் பார்த்து, "இது என்ன, கயிறு கம்பெனியா?" என்றார். பன்னிரண்டடி தூரத்து நாற்காலியில் அவரை உட்காரவைத்து அவர் குரலை மட்டும் தனியாகப் போட்டேன். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில், காற்றில், அவர் நின்று பாடுவது மாதிரி வந்தது. மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. அவர் அசையாமல் கேட்டார். பிறகு, "இது நானாக்கும்?" என்றார்.

அந்த ஒரு பாட்டில் பதினோரு நாள் வேலை செய்தேன். கீபோர்டின் அடிச்சுரங்களை வெட்டினேன். பேஸ் கிட்டாரை அவர் குரலுக்குக் கீழே ஓர் ஓடை மாதிரி ஓடவிட்டேன். ஒவ்வொரு நாள் சாயங்காலமும் போனில், அம்மாவின் வேனில், அடுத்த வீட்டுப் பழைய டிவியில் போட்டுப் பார்த்தேன். அதைக் கேட்டுவிட்டு மற்ற ஏழையும் குழு என்னிடமே தந்தது. எட்டுப் பாட்டும் முடிந்ததும் குழு பழையதை எடுத்துவிட்டு இதை வெளியிட்டது. அக்கா பிடிவாதமாக நின்று என் பெயரைப் போட வைத்தார். என் பெயருக்குக் கீழே அம்மாவின் மைக் செட்டின் பெயரையும் போடச் சொன்னேன். அதைப் படித்துவிட்டு அம்மா, "இதெல்லாம் எதுக்கு" என்றாள். பிறகு மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு மறுபடி படித்தாள்.

ஒரு மாதம் கழித்து, காலை பத்து மணி இருக்கும், முதலாளி வந்தார். தனியாக வந்தார். குடோன் வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"அந்தப் பாட்டைக் கேட்டேன். கொள்ளாம்" என்றார். "இந்தப் பெட்டியில எனக்க பாட்டு எப்படிக் கேக்கும்னு ஒரு வாட்டி பாக்கணும். போடுதியா தங்கச்சி?"

மறுபடியும் தங்கச்சி. நான் நாற்காலியைக் காட்டினேன். அவர் மிக்ஸ் செய்த முதல் பாட்டைப் போட்டேன். முதல் சரணம் முடிந்ததுமே கையைத் தூக்கி, "மனசிலாச்சு, போதும்" என்றார்.

"முழுசாக் கேளுங்க அண்ணே."

இரண்டாவது சரணத்தில் தலை குனிந்தார். பாட்டு முடிந்தது. நான் அதை மறுபடி முதலிலிருந்து போட்டேன். அவர் எழுந்திருக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. போயிருக்கலாம். உட்கார்ந்து முழுவதையும் இரண்டாவது முறையும் கேட்டார்.

"இனி நீ செய்ததைப் போடு" என்றார்.

"அது சபைக்காரங்க கிட்ட இருக்கு. அங்க போய்க் கேளுங்க."

மவுஸுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு சொடுக்குத்தான். போடவில்லை.

அவர் கோபப்படவில்லை. எழுந்து, மூலையில் இருந்த மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். பெட்டிக்கும் நாற்காலிக்கும் நடுவில் காலடி வைத்து நடந்தார். அளக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. "அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கப்படாது" என்று வாசலைப் பார்த்துச் சொன்னார். நான் கேட்காதது மாதிரி வயரைச் சுற்றினேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

இந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவருடைய ஸ்டூடியோவிலிருந்து ஒரு புதிய பாட்டு வந்தது. பெரிய பெட்டிகள் இரண்டு வாங்கி, பின்னறையை இடித்து நீளமாக்கியிருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். குடோன் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் போட்டேன். பேஸில் எங்கே வழுக்கியிருக்கிறார் என்று தேடினேன். குரல் எங்கே புதைந்திருக்கிறது என்று தேடினேன். நோட்டும் பேனாவும் கையில் இருந்தன. நான்கு முறை போட்டேன். நோட்டில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. சுத்தமாக, தெளிவாக, எந்தப் பந்தலிலும் வார்த்தை விழாமல் கேட்கும்படி இருந்தது.

அம்மா கதவைத் தட்டி, "யாருக்க பாட்டு? நல்லா இருக்கே" என்றாள்.

ஆம்ப்ளிஃபையரை அணைத்தேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.